ஊர்க் கவிதையும் தோட்டத்துப் பாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைமாடியில் மாதம் ஒருமுறை கூடிக் கவிதை படிக்கிறோம். எஸ்பிஎம் என்ற ஐந்தாம் படிவத் தேர்வுக்கு இலக்கியம் எடுத்த பிள்ளைகள், தமிழாசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், சும்மா காற்று வாங்க வந்தவர்கள் என்று கலவையான கூட்டம். வயல், காடு, கடற்கரை, ரப்பர்த் தோட்டம் பற்றிய கவிதைகளை எடுத்தால் புதிதாக வருபவர்கள் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். சிலவற்றைக் குழுவில் உள்ளவர்களே ஒப்புக்கொள்வதில்லை. சண்டை இன்னும் முடியவில்லை.

ஊர்க் கவிதை என்று எதைச் சொல்கிறீர்கள்? நாட்டுப்புறப் பாட்டா, ஏட்டில் உள்ள கவிதையா?

இரண்டையும்தான். நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் ஒரு பக்கம். சங்கப் பாடல், உழவர் வாழ்வைப் பாடும் பள்ளு, பாரதி, 1988இல் வந்த பழமலயின் ‘சனங்களின் கதை’ எல்லாம் இன்னொரு பக்கம். எது சேரும் எது சேராது என்று பார்க்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். பாட்டில் வரும் நிலத்தை எடுத்துவிட்டால் பாட்டு நிற்குமா? நின்றுவிட்டால் அது ஊர்க் கவிதை ஆகாது. ஓரத்தில் தென்னைமரம் வரைந்த வேறு ஏதோ கவிதை.

நாங்கள் செந்தூல் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவர்கள். வயலையே பார்க்காதவனுக்கு இதெல்லாம் எதற்கு?

வயலைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பசித்திருக்கிறீர்களா? யாரையாவது நம்பிக் காத்திருந்து ஏமாந்ததுண்டா? வீட்டில் யாராவது செத்த நாளில் பக்கத்து வீட்டில் கல்யாண மேளம் கேட்டதுண்டா? கடைசிக் கேள்வி நான் புனைந்தது இல்லை. புறநானூற்றில் 194ஆம் பாட்டு அதுதான். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூச் சூடுகிறாள், ஒருத்தி அழுகிறாள். இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பு இல்லாதவன் என்று பக்குடுக்கை நன்கணியார் நேரடியாகவே திட்டிவிடுகிறார். அடுக்குமாடியில் பத்தாம் மாடியில் கருமாதி, எட்டாம் மாடியில் பிறந்தநாள் கேக் என்று வாழ்கிறவர்களுக்கு இந்தப் பாட்டு எளிதாகவே புரியும். சுவர் மெல்லிசு, சத்தம் எல்லாம் கேட்கும்.

ஐந்திணையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. குறிஞ்சி என்றால் புணர்தல், முல்லை என்றால் இருத்தல்... இந்தப் பட்டியலால் என்ன பயன்?

பட்டியலாகப் படித்தால் பயன் இல்லைதான். தேர்வுக்காக அதை அப்படி ஆக்கிவிட்டார்கள்.

இப்படிப் பாருங்கள். ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால் அதைச் சொல்ல இரண்டு வழி உண்டு. ‘எனக்குச் சோகமாக இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். அல்லது அவர் நிற்கும் இடத்தையும், அப்போது என்ன நேரம், எந்தப் பறவை கத்தியது என்பதையும் மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். அகப்பாடல் எழுதியவர்கள் இரண்டாம் வழியை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். தொல்காப்பியம் அதற்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்று அடுக்கு வைத்தது. நிலமும் பொழுதும் முதலாவது. அந்த நிலத்தின் மரம், விலங்கு, தெய்வம், உணவு, தொழில் இரண்டாவது. அங்கே மனிதர்களுக்குள் நடப்பது மூன்றாவது. முதல் இரண்டையும் பேசினால் மூன்றாவது தானாக வந்துவிடும் என்ற துணிச்சல்தான் இதன் அடிப்படை.

இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஆய்வாளர்களில் ஒருவர் நம் ஊரில் இருந்தவர். தனிநாயகம் அடிகள் 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்தார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியதற்குப் பின்னால் இருந்த உழைப்பு பெரும்பாலும் அவருடையது. பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை என்பதுதான் அவர் ஆய்வுப் பொருள். தமிழ்ப் புலவர் இயற்கையை இயற்கைக்காகப் பாடுவது குறைவு, மனிதனைச் சொல்லவே பாடுகிறார் என்பதை அவர் ஆங்கிலத்தில் விரிவாக எழுதினார். பங்சார் பக்கம் போகும்போது அந்தப் பல்கலைக்கழக வாசலைத் தாண்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரே ஒரு பாட்டை எடுத்து, மனித இயல்பு அதில் எங்கே இருக்கிறது என்று காட்ட முடியுமா?

குறுந்தொகை 25, கபிலர் பாடியது. ஐந்தே அடி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

ஒரு பெண் தோழியிடம் பேசுகிறாள். அவன் என்னைச் சேர்ந்த அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஆமாம், ஒரு குருகு இருந்தது. தினைத்தாள் மாதிரி மெல்லிய பச்சைக் காலோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இதில் எனக்குப் பிடித்த இடம் அந்தக் காலின் வருணனை. இவ்வளவு பெரிய பயத்தில் இருக்கிறவளுக்குப் பறவையின் கால் என்ன நிறம் என்று எப்படி நினைவிருக்கிறது? அப்படித்தான் இருக்கும். கலக்கத்தில் இருக்கும்போது பெரிய விஷயம் மங்கிவிடும், சின்ன விஷயம் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்திருந்தவர்களைக் கேளுங்கள், டாக்டர் சொன்னது மறந்திருக்கும், எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படம் மறந்திருக்காது.

அடுத்தது சாட்சி. இருந்த ஒரே சாட்சி வாய் பேசாது. பேச முடிந்தாலும் பேசாது, ஏனென்றால் அது இவர்களைப் பார்க்கவே இல்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. உலகத்துக்கு நம் காதலும் துரோகமும் ஒரு பொருட்டே இல்லை, அதற்கு அதன் பசி. இதைத் தத்துவமாகச் சொல்லப் போனால் ஒரு புத்தகம் வேண்டும். கபிலர் ஒரு பறவையை நிறுத்திவைத்ததோடு சரி. மீனைப் பார்க்கிற அந்தப் பறவை அவனும்தான் என்று ஒரு மாணவி எங்கள் கூட்டத்தில் சொன்னாள். பசி தீர்ந்தால் பறந்துவிடும் அல்லவா? அதுவும் சரிதான். உள்ளுறை என்று இலக்கணம் பெயர் வைத்திருப்பது இந்த மாதிரி இரட்டைப் பார்வைக்குத்தான்.

பிறப்பு, சாவு, விதி இதெல்லாம் ஞானிகள் பேசுவது. ஊர்ப்புறத்துப் பாட்டில் அவ்வளவு ஆழம் இருக்குமா?

ஞானிகளும் உவமைக்கு ஊருக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. ‘யாதும் ஊரே’ என்ற வரியை மேடைக்கு மேடை பாடுகிறோம். அதே பாட்டின் நடுவில் மழை பெய்து, பெருகி, கல்லில் மோதி இரைந்து ஓடும் ஆறு ஒன்று வருகிறது. அதில் அடித்துச் செல்லப்படும் புணைதான் உயிர் என்கிறார் கணியன் பூங்குன்றனார். வெள்ளத்தில் மிதவை போவதைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான் இது வரும். முடிவில் அவர் வந்து சேரும் இடம், பெரியவர் என்று யாரையும் வியப்பதும் இல்லை, சிறியவர் என்று இகழ்வது அதைவிடவும் இல்லை என்பது. முதல் வரியை மட்டும் சுவரில் எழுதுகிறவர்கள் இந்தக் கடைசி இரண்டு அடியை விட்டுவிடுவது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

முதுமை பற்றி என்றால் புறம் 243. பாடியவர் பெயர்கூடத் தெரியவில்லை. பாட்டில் வரும் கைத்தடியை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். சின்ன வயதில் மணலில் பாவை செய்து பூச் சூட்டியது, கூட்டாளிகளோடு கைகோத்துக் குளத்தில் ஆடியது, மருதமரத்துக் கிளையில் ஏறி, கரையில் இருப்பவர்கள் திகைக்க, ‘துடும்’ என்று ஆழத்தில் குதித்து, அடிவரை போனதற்கு அத்தாட்சியாக ஒரு பிடி மணலை எடுத்துக்கொண்டு மேலே வந்தது. அந்த இளமை இப்போது எங்கே என்று கேட்கிறார் கிழவர். இன்றைய நிலைமை கடைசி மூன்று அடியில் வருகிறது. பூண் போட்ட தடியை ஊன்றிக்கொண்டு, நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொல். இருமல் வந்து பேச்சை வெட்டுகிறது, அவ்வளவுதான் முதுமை. ‘வாழ்க்கை நிலையற்றது’ என்ற உபதேசத்தை இந்தப் பாட்டில் தேடினால் கிடைக்காது. அந்த ஒரு பிடி மணல் கிடைக்கும்.

கிராமத்து மக்கள் வெள்ளந்திகள், நகரத்துக்காரர்கள் சுயநலவாதிகள் என்றுதானே இந்தக் கவிதைகள் சொல்கின்றன?

மோசமானவை அப்படிச் சொல்லும். மேடைக் கவியரங்கில் அதற்குக் கைதட்டலும் கிடைக்கும்.

பழைய பாட்டுகளில் அந்த மயக்கம் குறைவு. ஔவையார் புறம் 187இல் நிலத்தையே கூப்பிட்டுச் சொல்கிறார்: நீ நாடாக இரு, காடாக இரு, பள்ளமோ மேடோ எதுவாகவும் இரு, எங்கே மனிதர்கள் நல்லவர்களோ அங்கே நீ நல்லை. வயல் என்பதற்காக வயலுக்கு எந்த மரியாதையும் இல்லை. வள்ளுவர் உழவைத் தலைமேல் வைத்துப் பேசும் அதிகாரத்திலேயே சோம்பேறியைக் கண்டு நிலம் சிரிக்கிறது, போய்ப் பார்க்காத உடையவனிடம் மனைவி மாதிரி ஊடுகிறது.

வறுமை வரும் இடங்களைப் பாருங்கள். வள்ளல் குமணனிடம் போன புலவர் பெருந்தலைச் சாத்தனார் தன் வீட்டைக் காட்டுகிறார். சமைத்து எத்தனையோ நாளாகி, அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பாலில்லாத மார்பைச் சுவைத்துக் குழந்தை அழுகிறது. மனைவி குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன், உன்னிடம் வந்தேன். இதில் எங்கே இருக்கிறது பசுமைக் கிராமம்?

முக்கூடற் பள்ளு இன்னும் கூர்மை. நெல்வகை, மாட்டுவகை, கலப்பை உறுப்பு என்று அடுக்கி, நாளை ஆற்றில் வெள்ளம் வருவதற்கான குறிகளைச் சொல்லி நம்மைக் குஷிப்படுத்தும். அதே நூலில் பண்ணைக்காரன் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கிறான், உழைக்கும் குடும்பனைத் தொழுமரம் என்ற தண்டனைக் கட்டையில் மாட்டுகிறான். குடும்பனின் இரண்டு மனைவிகள் ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொள்கிறார்கள். சிரிக்கவைத்தபடியே யார் உழைக்கிறார், யார் உட்கார்ந்து தின்கிறார் என்பதைக் காட்டிவிடுகிறது. எழுதியவர் யாரென்று தெரியவில்லை. எந்தப் பக்கம் இருந்து எழுதினார் என்பதிலும் எங்கள் குழுவில் வாக்குவாதம் உண்டு.

பாரதி ‘காணி நிலம் வேண்டும்’ என்று பாடியதைச் சொல்வீர்கள். அது கனவுப் பாட்டு, கேட்பவனிடம் நிலம் இல்லை என்பதிலிருந்து பிறந்தது. அதே பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் படும் பாட்டையும் பாடியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். பினாங்குக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ரப்பர் வருவதற்கு முன்னால் செபராங் பிறையில் இருந்ததும் கரும்புதான், வெட்டியதும் நம் ஆள்கள்தான்.

தோட்டத்துப் பாடல்களை இந்த வரிசையில் சேர்க்கலாமா? அவை வெறும் கூலிக்காரர் புலம்பல் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் வரும், ஆனாலும் பதில் சொல்கிறேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் நோய்க்காகத் தடுத்துவைக்கப்பட்டு, ஆள்சேர்த்த கங்காணிக்குப் பின்னால் போனவர்கள் கையில் கொண்டுவந்தது அதிகமில்லை. வாயில் கொண்டுவந்தது நிறைய. தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி. மெட்டு பழையது. உள்ளே இருந்த நெல்லும் ஏரும் போய், பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரமும், பால் பிடிக்கும் மங்கும் வந்தன. பண்ணையார் இருந்த இடத்தில் துரையும், கணக்கு எழுதும் கிராணியும், வேலையை மேற்பார்க்கும் தண்டலும் வந்தார்கள். பால்மரம் வெட்டப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று வந்தேன், கொடுக்கிற காசுக்கு முதுகெலும்பு முறிகிறது என்ற பொருளில் பாட்டுகள் உண்டு. புலம்பல்தான், ஆனால் அதில் கிண்டலும் கணக்கும் கலந்திருக்கும். நாலு காசு குறைந்ததை ராகத்தோடு சொல்லிக் காட்டுகிறவன் வெறுமனே அழுதுகொண்டிருப்பவன் இல்லை.

நான் ஒருபடி மேலே போய்ச் சொல்வேன், தோட்டம் தனியாக ஒரு திணை. பொருத்திப் பாருங்கள். நிலம், பால்மரக்காடு. சிறுபொழுது வைகறை, ஏனென்றால் வெயில் ஏறுவதற்கு முந்திய குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். இருட்டோடு பிரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரையில் இறங்க வேண்டும். கருப்பொருளுக்கு உளிக்கத்தி, மங்கு, ஒட்டுப்பால், காண்டா என்ற தோள்கம்பில் தொங்கும் வாளி, கொசு, அட்டை, மாரியம்மன், முனியாண்டி, ஆயாக்கொட்டகையில் விட்டுவந்த பிள்ளை. வறட்சி மாதத்தில் மரம் மொத்தமாக இலை உதிர்க்கும். காய் வெடிக்கும் சத்தம் காட்டில் படபடவென்று கேட்கும்.

மழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முல்லையில் மழை வந்தால் போருக்குப் போனவன் திரும்பிவருவான், வீட்டில் இருக்கிறவள் முகம் மலரும். வள்ளுவருக்கு மழைதான் அமிழ்தம். பால்வெட்டுக்காரிக்கு விடியற்காலை மழை என்றால் பட்டை நனைந்துவிட்டது, வெட்டு இல்லை, அன்றைய கூலி போச்சு. ஓட்டின்மேல் விழும் அதே சத்தம் ஒரு நிலத்தில் காதல், இன்னொரு நிலத்தில் கடன். வானம் மாறவில்லை, யாருடைய கையில் என்ன வேலை என்பது மாறியிருக்கிறது. மனித இயல்பு என்று பொதுவாகப் பேசுகிறோமே, அது எவ்வளவு தூரம் வயிற்றுப்பாட்டில் கட்டுண்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அப்படியானால் இந்தத் திணையின் உரிப்பொருள் என்ன? என் பதில்: உரிமையில்லாத உறவு. ஒரு மரத்தை ஆண்டுக்கணக்காகத் தொட்டுத் தொட்டு வெட்டுகிறோம். பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே போனால் மரம் புண்பட்டு முடிச்சு விழும் என்று விரல் அறியும். எந்த மரம் நிறையக் கொடுக்கும், எது கஞ்சன் என்று தெரியும். ஆனால் மரமும் நமதில்லை, மண்ணும் நமதில்லை, குடியிருக்கிற லயமும் நமதில்லை. வேலை நின்றால் வீடும் போகும். சங்கத்து ஐந்து நிலத்திலும் மக்கள் அந்த நிலத்துக்காரர்களாகவே நிற்கிறார்கள். தோட்டத்தில் மட்டும்தான் ஒருவன் நிலத்தை உள்ளங்கை அளவுக்கு அறிந்தும் அதில் விருந்தாளியாகவே சாகிறான். பூமியில் மனிதன் இருப்பே அப்படித்தானே என்று யாராவது தத்துவம் பேசினால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் இவர்களுக்கு அது தத்துவமாக வரவில்லை, வெளியேறச் சொல்லி வந்த கடிதமாக வந்தது.

தோட்டமே போய்விட்டதே. இனி அதைப் பற்றி எழுதுவது பழங்கதை பேசுவது ஆகாதா?

நிலம் போனதும்தான் பல பேருக்கு நிலத்தின் மேல் கவிதை வருகிறது. பாரியின் பறம்பு போன பிறகுதான் அவன் மகளிர் ‘அற்றைத் திங்கள்’ பாடினார்கள். அன்று நிலா இருந்தது, அப்பா இருந்தார், குன்று எங்களிடம் இருந்தது. இன்று அதே நிலா இருக்கிறது, மற்ற இரண்டும் இல்லை.

புக்கிட் ஜாலிலில் 1998 காமன்வெல்த் போட்டி நடந்த அரங்கத்தைப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பேரில் ஒரு தோட்டம் இருந்தது நினைவுக்கு வராது. கரும்பு விளைந்த பத்து கவானில் இப்போது தொழிற்சாலை, 2014இல் திறந்த இரண்டாம் பாலம். பினாங்கில் கெலுகோர் பக்கம் கம்போங் புவா பாலா என்று மாடு வளர்த்த தமிழர் ஊர் ஒன்று இருந்தது. ஹை சாப்பரல் என்றும் சொல்வார்கள். உயர்மாடிகளுக்கு நடுவே ஒரு முல்லை நிலம். 2009இல் இடித்தார்கள். அதைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகளில் கோபம் நிறைய இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் எந்த மாட்டுக்கு என்ன பெயர், மாலையில் எந்த வழியாக ஓட்டிவந்தார்கள், பால் யார் யார் வீட்டுக்குப் போனது என்பதை எழுதியவர்கள் குறைவு. தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

மலாய், சீனக் கவிதைகளிலும் இப்படி உண்டா?

பள்ளியில் பந்துன் என்ற நாலடி மலாய்ப் பாட்டைப் படித்திருப்பீர்களே. முதல் இரண்டு அடியில் மரம், பறவை, ஆறு. அடுத்த இரண்டு அடியில் மனிதர் பாடு. உள்ளுறை தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு அது புதிதாகத் தோன்றாது. 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. மலாய்க் கவிஞர் உஸ்மான் அவாங்கின் ‘பாக் உத்தி’ கவிதையில் வரும் ஏழை உழவர், தலைவர்கள் வந்து பேசிவிட்டுப் போன பிறகும் காத்துக்கொண்டே இருக்கிறார். மொழியை மட்டும் மாற்றினால் நம் லயத்து வாசலிலும் அவர் உட்கார்ந்திருப்பார்.

சீனத்தில் தாவ் யுவான்மிங். கி.பி. 405இல் அரசு வேலையை உதறிவிட்டு ஊருக்குப் போனவர். அவரது ஒரு பாட்டில் தென்மலை அடிவாரத்தில் அவரை விதைக்கிறார். களைதான் செழிக்கிறது, செடி சோனி. விடியலில் போய்க் களை பறித்து, நிலவோடு மண்வெட்டியைத் தோளில் போட்டுத் திரும்புகிறார். பனியில் உடை நனைகிறது, நனையட்டும் என்கிறார். தான் நல்ல விவசாயி இல்லை என்று ஒப்புக்கொள்ளும் ஊர்க் கவிஞர் அபூர்வம், அதனாலேயே அவரைப் பிடிக்கும். ஆனால் வேலையை உதறிவிட்டு மண்ணுக்குப் போக அவருக்குச் சொந்த மண் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

தோட்டத்தில் வாழாத நான் தோட்டத்தைப் பற்றி எழுதலாமா?

எழுதலாம். அதற்கு முன்னால் யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார், சிலாங்கூரில் பால் வெட்டியவர். இளைஞர் ஒருவர் வெட்டுக்காயத்திலிருந்து மரம் கண்ணீர் வடிப்பதாக எழுதிய கவிதையை உருக்கமாகப் படித்தார். எல்லாரும் கைதட்டினோம். அக்கா கேட்டுவிட்டுச் சொன்னார்: “பால் வடிஞ்சா மரம் அழுவுதுன்னு யாரு தம்பி சொன்னா? வடியலன்னாத்தான் நாங்க அழுவோம்.” பிறகு மேசையில் இருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்து, இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக விரலை இழுத்து, பட்டையை எப்படிச் சீவ வேண்டும், எங்கே கையை நிறுத்த வேண்டும் என்று காட்டினார். அந்த விரல் நின்ற இடம் அன்றைக்குப் படித்த எல்லாக் கவிதையையும்விட நன்றாக இருந்தது. இளைஞர் புண்படவில்லை. அக்காவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரக்கம் எழுத வரும்போது பொருளின் பெயர் தெரியாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. ‘மரம்’, ‘உழைப்பாளி’, ‘வியர்வை’ என்று மூன்று சொல்லிலேயே கவிதையை ஓட்ட வேண்டியதாகிவிடும்.

தேர்வில் ‘இக்கவிதையின் கருப்பொருள் யாது’ என்று கேட்டால் என்ன எழுதுவது?

ஆசிரியர் எதிர்பார்ப்பதை எழுதுங்கள், மதிப்பெண் வேண்டும். வீட்டுக்கு வந்து பாட்டை மறுபடி படியுங்கள்.

ஒப்பாரியைக் கவிதை என்று சொல்வது கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா?

கூலிக்கு மார் அடிப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் போலும். ஒப்பாரியில் இறந்தவரைவிட அழுகிறவரின் வாழ்க்கைதான் அதிகம் வெளிவரும். ஐம்பது வருஷம் புருஷனிடம் சொல்ல முடியாததை அவன் பிணத்தின் முன்னால் ராகம் போட்டுச் சொல்லும் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். பாசம், கோபம், பழைய கணக்கு, நாத்தனாருக்கு ஒரு குத்து எல்லாம் ஒரே மூச்சில் வரும். ஊரார் முன்னால் உண்மையைச் சொல்ல அவளுக்குக் கொடுத்திருந்த ஒரே மேடை அது. இப்போது சவச்சடங்கை நடத்தித் தரும் நிறுவனங்கள் ஒலிநாடாவைப் போட்டுவிடுகின்றன. வசதிதான்.

எதில் தொடங்கலாம்?

குறுந்தொகை. நாலு முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடும், ரயிலில் ஒரு பாட்டுப் படிக்கலாம். உ.வே.சா. 1937இல் பதிப்பித்த உரை இன்றைக்கும் நல்ல துணை. பிறகு புறநானூற்றில் 182இலிருந்து 195 வரை. அதன்பின் முக்கூடற் பள்ளு, யாராவது சத்தமாகப் படிக்கக் கேட்டால் இன்னும் நல்லது. மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்கள் நிறைய உண்டு. தோட்டத்துப் பாடல்களுக்கு நூலகத்தைவிட வீட்டில் இருக்கும் பாட்டிதான் முதல் இடம். நேராகப் ‘பாட்டுப் பாடுங்க’ என்றால் வெட்கப்படுவார். கூட உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே அந்தக் காலத்துத் தண்டலைப் பற்றிக் கேளுங்கள், திட்டத் தொடங்குவார், பாட்டு பின்னாலேயே வரும். கைப்பேசியில் பதிவு செய்வதானால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், எந்தச் சமயத்தில் பாடுவார்கள் என்ற மூன்றையும் அன்றைக்கே எழுதிவையுங்கள்.